மோட்டார் ஓடலன்னா ஜுபைலுக்கு போன் போட்டு என்ன ஆகப்போகுது?

"அக்கா, என் பேரு ஊரு எதுவும் போட வேண்டாம், ஆனா முழுசா படிங்க"ன்னு ஆரம்பிச்சு, நோட்டு பேப்பர்ல 6 பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க ஒரு தங்கச்சி. முழுசாத்தான் படிச்சேன், ரெண்டு தடவ. அடையாளம் தெரியற விஷயங்களை மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

வயசு 33. புதுக்கோட்டை பக்கம் ஒரு சின்ன டவுன். கல்யாணம் ஆகி 9 வருஷம், ஒரு பொண்ணு, ரெண்டாவது படிக்குது. வீட்டுக்காரர் 7 வருஷமா சவுதியில, ஜுபைல்ல ஒரு பிளாண்ட்ல ஷிப்ட் வேலை. ஒண்ணரை வருஷத்துக்கு ஒரு தடவ 45 நாள் லீவுல வருவார். வீடு அவர் கட்டினது, லோன் இன்னும் ஓடுது.

இந்த சித்திரையில போர் மோட்டார் நின்னு போச்சு. வந்த மெக்கானிக் காயில் எரிஞ்சு போச்சுன்னு சொல்லி மோட்டாரை மேல தூக்கி 18,500 ரூபா வாங்கிட்டுப் போயிட்டார், பில்லும் குடுக்கல. வீட்டுக்காரர் போன்ல, "டிகிரி முடிச்சவ தானே, இதுகூட தெரியாதா, உன்னைய நல்லா மொட்டையடிச்சுட்டான்"னு சொல்லியிருக்கார். அந்த வார்த்தை இவங்க மனசுல முள்ளா தச்சுடுச்சு. அடுத்த மாசம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் போனப்ப அவர்கிட்ட மூச்சு விடல, அவர் போன லீவுல வாங்கிட்டு வந்த 2 பவுன் செயினை அடகு வெச்சு சரி பண்ணிட்டாங்க. அப்புறம் இன்வர்ட்டர் பேட்டரி. அப்புறம் மிக்ஸி, அது பரவால்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

போன மாசம் ஒரு ராத்திரி மழை பெஞ்சு கரண்ட் போய் வந்துருக்கு. ஓடிட்டிருந்த வாஷிங் மெஷின் மேல கை வெச்ச பாப்பா "அம்மா சுர்ருங்குது"ன்னு கத்தியிருக்கா. இவங்க பதறிப்போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு, பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு வாசல் திண்ணையில விடியற்காலை நாலரை வரைக்கும் இருட்டுல உக்காந்திருக்காங்க. 14 தடவ அவருக்கு அடிச்சும் எடுக்கல. காலையில அவர் கூப்பிட்டு, "இதுக்குப் போயி 14 போனா? யாருக்கு என்ன ஆச்சோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு"ன்னு கத்தியிருக்கார். மாமியார் வாஸ்து சரியில்லங்கறாங்க. பக்கத்து வீட்டம்மா, "ஆம்பள இல்லாத வீட்டுக்கு யார் யாரோ வந்து போறாங்க"ன்னு தெருவுல பேசறாங்களாம். இப்ப மூணு கேள்வி கேக்கறாங்க. அவரை வேலைய விட்டுட்டு வரச் சொல்லட்டுமா, இல்ல வீட்டைப் பூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா, இல்ல எனக்குத்தான் துப்பில்லையா.

தங்கச்சி, கடைசி கேள்விக்கு மட்டும் இப்பவே பதில் சொல்லிடறேன். அந்த ராத்திரி நீங்க மெயினை ஆஃப் பண்ணீங்க பாருங்க, அதுதான் சரியான வேலை. யாரும் சொல்லிக் குடுக்காம, அழுதுகிட்டே கூட சரியா செஞ்சிருக்கீங்க. துப்பில்லாதவங்க செய்யற காரியம் இல்ல அது.

மொதல்ல அந்த வாஷிங் மெஷின்

கடைசி பக்கத்துல ஓரமா ஒரு வரி எழுதியிருக்கீங்க, "இப்போ ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் துணி போடறேன்"னு. இத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஈரத் தரையில, ஈரக் கையில செருப்பை நம்பி அந்த மெஷினைத் தொடவே கூடாது. நான் மனநல ஆலோசகர், எலக்ட்ரீஷியன் இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், பேரு ஊரு மறைச்சு இந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர்கிட்ட காட்டினேன். அவர் சொன்னது இது. மெஷின் பாடியில சுர்ருனு அடிச்சா, மெஷினுக்குள்ள எங்கயோ கரண்ட் கசியுது, இல்லன்னா வீட்டு எர்த் செத்துப் போச்சு, பல சமயம் ரெண்டுமே. கோடையில எர்த் குழி காஞ்சு போய் வேலை செய்யாம போகறது நம்ம பக்கம் சாதாரணமாம். மூணு பின் பிளக்குல அந்தப் பெரிய பின்னை உடைச்சுட்டு, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல செருகியிருந்தாலும் இதே கதைதான், அதையும் பாக்கச் சொல்லுங்க.

உங்க வீட்டுக்காரர் "டிரிப்பர் இருக்கு, பயப்படாத"ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. இங்க ஒரு குழப்பம் இருக்கு, நிறைய பேருக்கு இருக்கற குழப்பம்தான். போர்டுல வரிசையா இருக்கற எம்சிபி, லோடு ஜாஸ்தியானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும், ஆள் மேல பாயற கொஞ்ச கரண்ட்டுக்கு அது அசையாது. உயிரைக் காப்பாத்தறது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கும், சின்னதா "டெஸ்ட்" பட்டன் இருக்கும், அத அழுத்தினா உடனே விழணும். உங்க போர்டுல அப்படி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அடுத்த செலவு அதுதான், ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் முன்னாடி. இந்த செலவுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காதீங்க.

ராத்திரி கூப்பிட ஆள் இருக்கு, அது ஜுபைல்ல இல்ல. போஸ்ட்ல தீப்பொறி, வயர் அறுந்தது, வோல்டேஜ் ஏறி இறங்கறது இதுக்கெல்லாம் மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ஈபி கனெக்ஷன் மாமனார் பேர்ல இருக்கு, நான் எப்படி கம்ப்ளைண்ட் குடுக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. சர்வீஸ் நம்பர் சொன்னா போதும், யாரு வேணா குடுக்கலாம். கேஸ் வாசனை வந்தா 1906. அப்போ ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்துடுங்க, லைட் ஸ்விட்சை போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், போனையும் வெளிய வந்தப்புறம் எடுங்க. இந்த ரெண்டு நம்பரையும் பெருசா எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க, பாப்பாவுக்கும் காட்டுங்க.

வீட்டுக்கு தோஷம் இல்ல, சாமானுக்கு வயசாயிடுச்சு

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் சீர்வரிசையில வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அதாவது ஒரே வாரத்துல, ஒரே கடையில வாங்கினது. 9 வருஷம் ஆச்சு. எல்லாத்துக்கும் ஒரே வயசு, அதனால ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகுது, அதுக்கு மேல சித்திரை வெயில், அடிக்கடி போய் வர்ற கரண்ட். வாசப்படியை மாத்தினா கம்ப்ரஸர் ஓடாது. இத மாமியார்கிட்ட மல்லுக்கட்டி நிரூபிக்க வேண்டாம், "பாக்கலாம் அத்தை"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க.

இன்னொன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த இன்வர்ட்டர் பேட்டரிக்கு கடைசியா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினது யாரு? அவர்தான், லீவுல வந்தப்ப. நடுவுல யாரும் ஊத்தல, ஏன்னா ஊத்தணும்னே உங்களுக்குத் தெரியாது, அவரும் சொல்லல. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள பல்லி, எறும்பு போகாம பாத்துக்கறது, டேங்க் கழுவறது, எர்த் குழியில தண்ணி ஊத்தறது, இதெல்லாம் அவர் இருக்கறப்ப சத்தமில்லாம செஞ்ச வேலைங்க. அவர் போனப்ப அந்த வேலையும் பிளேன் ஏறிப் போயிடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி வீட்டை வாசல்லேர்ந்து மொட்டை மாடி வரைக்கும் வீடியோ கால்ல காட்டுங்க, எது எது எப்பப்ப செய்யணும்னு அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதிக்குங்க. ரிப்பேர் ஆன அன்னிக்கு நடுராத்திரி போன் போடறதை விட இது நூறு மடங்கு பிரயோஜனம். அவருக்கும் அன்னிக்கு தான் ஒரு ஆளா இருக்கோம்னு தோணும்.

அந்த 14 போனும், அவர் கோவமும்

அவர் எடுக்காததை "எங்க மேல அக்கறை இல்ல"ன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டீங்க. நீங்க எழுதின நேரம் ராத்திரி ஒண்ணரை, அங்க அப்போ 11 மணி, அன்னிக்கு நைட் ஷிப்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பெட்ரோ கெமிக்கல் பிளாண்ட்டுங்கள்ல தீப்பொறி பயத்துனால சாதா செல்போனை உள்ள விட மாட்டாங்க. போன் லாக்கர்ல கிடந்திருக்கும். காலையில எடுத்துப் பாத்தா 14 மிஸ்டு கால். அந்த மனுஷன் என்னென்ன நினைச்சிருப்பார்? பிள்ளைக்கா, அம்மாவுக்கான்னு பதறி, கடைசியில வாஷிங் மெஷின்னதும் அந்த பதட்டம் அப்படியே கோவமா வெளிய வந்திருக்கு. 3500 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு ஒரு ஃபியூஸ் கூட மாத்த முடியலங்கற கையாலாகாத்தனம் ஆம்பளைங்க வாயில பெரும்பாலும் திட்டாத்தான் வரும். அதுக்காக "மொட்டையடிச்சுட்டான்"னு சொன்னது சரின்னு சொல்ல வரல. அது தப்பு, அத அவர்கிட்ட நேரா சொல்லுங்க. "நீங்க அப்படி சொன்னதுக்கு அப்புறம்தான் நான் உங்ககிட்ட மறைக்க ஆரம்பிச்சேன்"னு சொல்லுங்க. அத கேட்டா அவருக்கு உறைக்கும்.

இங்கதான் அந்த செயின் வருது. சொல்லிடுங்க தங்கச்சி. அடுத்த லீவுல வந்து "செயின் எங்க"ன்னு அவர் கேக்கறப்ப சொல்றதும், இப்ப நீங்களா சொல்றதும் ஒண்ணு இல்ல. வட்டி ஓடிக்கிட்டு இருக்கு, அடகு சீட்டுல கெடு தேதி பாத்து வெச்சுக்குங்க, ஏலத்துக்கு முன்னாடி நோட்டீஸ் வரும், அது அவர் அம்மா கையில கிடைச்சா கதையே வேற ஆயிடும். ரிப்பேரையும் நகையையும் ஒரே மூச்சுல கொட்டாம, அவர் தூங்கி எழுந்த நேரமா பாத்து, "ஒரு விஷயம் மறைச்சுட்டேன், திட்டுவீங்கன்னு பயந்து"ன்னு ஆரம்பிங்க. கொஞ்ச நேரம் கத்துவார். கத்தட்டும். ஒருவேளை கத்தறதோட நிக்காம பயமுறுத்தறது, செலவுக்கு பணத்தை நிறுத்தறதுன்னு போனா, அது வேற விஷயம், அப்போ எனக்கு தனியா எழுதுங்க, 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கு. உங்க கடிதத்தை வெச்சு பாத்தா அவர் அந்த ரகம்னு எனக்குத் தோணல.

அதோட இன்னொரு ஏற்பாடும் பேசுங்க. இப்போ அவர் ஏடிஎம் கார்டை வெச்சு எடுக்கறீங்க, ஒவ்வொரு தடவையும் மெசேஜ் அவர் போனுக்குப் போகுது, உடனே "எதுக்கு 3000?"னு கேள்வி வருது. அக்கவுண்ட்காரர் கார்டை இன்னொருத்தர், பொண்டாட்டியே ஆனாலும், உபயோகிக்கறது பேங்க் ரூல்படி தப்பு, பணம் போனா பேங்க் கை கழுவிடும். உங்க பேர்ல தனி அக்கவுண்ட்ல மாசா மாசம் ஒரு தொகை போடச் சொல்லுங்க, அது வீட்டு ரிப்பேருக்கு மட்டும். 10,000 வரைக்கும் நீங்களே முடிவெடுத்து முடிச்சுட்டு சொல்றது, அதுக்கு மேலன்னா கேட்டுட்டு செய்யறது. தொகை உங்க வசதிக்கு எதுவோ அது. ரூபாயை விட, எதுக்கு கேக்கணும் எதுக்கு கேக்க வேண்டாம்ங்கறது ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். இப்போ நீங்க அந்த வீட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி இருக்கீங்க, பொறுப்பு முழுக்க உங்களுது, அதிகாரம் முழுக்க ஜுபைல்ல. யாரா இருந்தாலும் உடைஞ்சு போவாங்க.

மெக்கானிக் வரும்போது

பக்கத்து வீட்டம்மா பேச்சுக்கு பயந்து, தம்பி கோயம்புத்தூர்லேர்ந்து வர்ற வரைக்கும் ரிப்பேரைத் தள்ளிப் போடறீங்க. கரண்ட் கசியற மெஷினை மூணு வாரம் தள்ளிப் போட்டது அந்தப் பேச்சுக்காகத்தான். அந்தம்மா பேசறதை நிறுத்த மாட்டாங்க, நீங்க எத்தனை ரிப்பேரை நிறுத்தினாலும். பகல்ல வரச் சொல்லுங்க, வாசக் கதவு திறந்தே இருக்கட்டும், வந்தவர் பேரு நம்பரை தம்பிக்கு வாட்ஸ்அப்ல போடுங்க. முடிஞ்சா அந்தம்மாவையே "கொஞ்சம் வந்து உக்காருங்கக்கா, எனக்கு ஒண்ணும் புரியல"ன்னு கூப்பிட்டு ஒரு காபி குடுங்க. சிரிக்காதீங்க, என்கிட்ட வர்ற நிறைய பேருக்கு இது வேலை செஞ்சிருக்கு.

ஏமாறாம இருக்க டெக்னிக்கல் அறிவு அவ்வளவா தேவையில்ல, கேள்வி கேட்டா போதும். போர் மோட்டார்னா தூக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற பெட்டியைப் பாக்கச் சொல்லுங்க, வோல்டேஜ் வருதா, கெப்பாசிட்டர் நல்லா இருக்கான்னு. பாதி நேரம் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், அது சில நூறு ரூபா விஷயம். மாத்தின பழைய பார்ட்டை குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. துண்டு சீட்டுலயாவது என்ன வேலை, எவ்வளவு, எத்தனை மாசம் கேரண்டின்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. "அதெல்லாம் எதுக்கும்மா"ன்னு சொன்னா அடுத்த ஆளைப் பாருங்க. கம்பெனி சர்வீஸ் நம்பரை கூகுள்ல தேடி எடுக்காதீங்க, போலி கஸ்டமர் கேர் நம்பர் நிறைய சுத்துது, போன்ல ஏதோ ஆப் இறக்கச் சொன்னா உடனே கட் பண்ணுங்க, பணம் போயிட்டா சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு அடிங்க. நம்பர் மெஷின் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயும் வாரண்டி கார்டுலயும் இருக்கும்.

வாரண்டி கார்டுன்னதும் ஒண்ணு சொல்லணும், வயிறு எரியாதீங்க. நிறைய கம்பெனி ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருஷம் வாரண்டி குடுக்கறாங்க. உங்களோடது 9 வருஷம்தான். கேஸுக்கும் வேலைக்கும் மட்டும் காசு வாங்கிக்கிட்டு கம்ப்ரஸரை சும்மா மாத்திக் குடுத்திருக்க வாய்ப்பு இருந்திருக்கு. கார்டு எங்கயோ சூட்கேஸ்ல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, தேடி எடுங்க, வாஷிங் மெஷின் கார்டும் அதுலயே இருக்கலாம், அதுலயும் மோட்டாருக்கு தனி வாரண்டி இருக்கான்னு பாருங்க. "பில்லு எங்கப்பா பேர்ல இருக்கு, நான் கேக்க முடியாது"ங்கறது தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, வாங்கினவரோட சம்மதத்தோட பயன்படுத்தறவங்களும் நுகர்வோர்தான். வாரண்டி இருந்தும் இழுத்தடிச்சா நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் குடுக்கலாம், அப்பவும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போகணும். அந்த 18,500 ரூபா மோட்டார் ஆள் மேலயும் போகலாமான்னு கேட்டிருந்தீங்க. ஜிபே போட்ட ரெக்கார்டு இருக்கு, போக முடியும். ஆனா மோட்டார் இப்போ ஓடுது, அவர் நிஜமாவே ஏமாத்தினாரான்னே நமக்குத் தெரியாது, காயில் எரிஞ்சிருந்தா தூக்கத்தான் வேணும். நானா இருந்தா அத விட்டுடுவேன்.

வரச் சொல்றதா, பூட்டிட்டுப் போறதா

ரெண்டையுமே இப்ப முடிவு பண்ணாதீங்க. தூக்கம் கெட்ட நேரத்துல எடுக்கற முடிவு அது. அம்மா வீட்டுக்குப் போனா மனசுக்கு நிம்மதிதான், ஆனா பாப்பா ஸ்கூல் நடு வருஷத்துல மாறணும், பூட்டி வெச்ச வீட்டுல கரையான் ஏறும், மோட்டார் இறுகும், பேட்டரி சாகும். முழு ஆண்டு லீவுல ஒரு மாசம் போய் இருங்க, அது வேற.

அவர் வர்றதைப் பத்தி பேசறது தப்பே இல்ல, 7 வருஷம் சின்ன காலம் இல்ல. ஆனா அவசரப்பட்டு ரிசைன் பண்ணச் சொல்லாதீங்க. சவுதி தொழிலாளர் சட்டப்படி சர்வீஸ் பணம், அதாவது வேலைய விட்டு வரும்போது கம்பெனி குடுக்கற தொகை, முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாச சம்பளம், அதுக்கு மேல வருஷம் ஒரு மாச சம்பளம். 5 வருஷத்துக்கு மேல 10 வருஷத்துக்குள்ள தானா ரிசைன் பண்ணா அதுல மூணுல ரெண்டு பங்குதான் கிடைக்கும், காண்ட்ராக்ட் காலம் முடிஞ்சு வந்தா முழுசா வரும். அதனால காண்ட்ராக்ட் எந்த தேதியில முடியுதுன்னு கேளுங்க, லோன் எவ்வளவு மிச்சம்னு ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல எழுதிப் பாருங்க. "வந்துடுங்க"ன்னு அழறதை விட "எப்ப வரலாம்னு கணக்கு போடலாமா"ன்னு கேட்டா அவரும் உக்காந்து பேசுவார்.

இன்னொன்னு உங்களைப் பத்தி. மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலே நெஞ்சு படபடங்குது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் மெயின் போர்டை தொட்டுப் பாக்கறேன்னு எழுதியிருக்கீங்க. அந்த ராத்திரிக்கு அப்புறம் கொஞ்ச நாள் அப்படி இருக்கறது இயல்பு. எர்த் சரியாகி ஆர்சிசிபி மாட்டினப்புறமும் ரெண்டு மூணு வாரத்துக்கு மேல தூக்கம் வரலன்னா 14416க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க. இல்லன்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. "இதுக்கெல்லாமா டாக்டர்"னு நினைக்காதீங்க.

இப்போ இத படிச்சு முடிச்சதும் வாஷிங் மெஷின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, கை காஞ்சிருக்கான்னு பாத்துட்டு பிளக்கைப் பிடுங்கி ஒயரை சுருட்டி மெஷின் மேல வெச்சுடுங்க. ரெண்டு நாள் துணியை கையில துவைச்சுக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தை பாத்துட்டு என்ன சொன்னார்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, எங்க வீட்டுக்காரர் நேத்தேர்ந்து ரெண்டு தடவ கேட்டுட்டார்.